மீன் வாங்குகிறவர் குற்றவாளியா? – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். பள்ளி ஆசிரியை. மகன் பொறியியல் மூன்றாம் ஆண்டு, விடுதியில் தங்கிப் படிக்கிறான். பெரிய படகுகளும் கம்பெனிகளும் கடலை எப்படி அழிக்கின்றன என்று ஏதோ ஆவணப்படம் பார்த்திருக்கிறான். புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறு, அவன் வருகிறானே என்று சங்கரா வாங்கிக் குழம்பு வைத்தேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டான். "நீ வாங்கறதாலதாம்மா அவங்க புடிக்கறாங்க. ஆமை செத்து கரை ஒதுங்கறதுக்கும் நாமதான் காரணம்" என்றான்.

என் வீட்டுக்காரருக்கு எல்லாம் மீனவர்களின் பேராசை. நான் அரசாங்கத்தைச் சொன்னேன். "எல்லாத்துக்கும் கவர்மென்ட்ட கை காட்டித் தப்பிச்சிக்காதே" என்று மகன் என்னை அடக்கிவிட்டான். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மாவிடம் பல வருடங்களாக வாங்குகிறேன். போன வாரம் அவர் கூப்பிட்டபோது கதவைத் திறக்கவே கூச்சமாக இருந்தது. நான் வாங்காமல் விட்டால் கடல் பிழைக்குமா ஐயா? உண்மையில் யார் பொறுப்பு?

அன்புடன்,
ஒரு வாசகி, குடியாத்தம்

*

அன்புள்ள சகோதரிக்கு,

தட்டில் இருப்பது எங்கிருந்து வந்தது என்று யோசிக்கிற பிள்ளையை வளர்த்திருக்கிறீர்கள். தட்டைத் தள்ளியதற்காக அவனைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அவன் போட்ட கணக்கை நான் ஏற்கவில்லை. ஏன் என்று சொல்லக் கடற்கரை வரை போக வேண்டியதில்லை. நம் பாலாற்றங்கரையிலேயே இந்தக் கேள்விக்கு வழக்கு நடந்து தீர்ப்பும் வந்திருக்கிறது.

தோல் தொழிற்சாலைக் கழிவை எதிர்த்து 1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு. தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனதை அந்தத் தீர்ப்பு பதிவு செய்தது. மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும், ஆபத்து வரும் என்று தெரிந்தால் முழு நிரூபணத்துக்காகக் காத்திராமல் தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்றது. அன்றைய வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் உட்பட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டது. செருப்புப் போடுகிற எல்லோரும் பொறுப்பு என்று யாரும் அங்கே வாதிட்டதாகத் தெரியவில்லை. வாதிட்டிருந்தாலும் எடுபட்டிருக்காது. கழிவை ஆற்றில் விடலாம் என்று முடிவு எடுத்தது யார், அதில் மிச்சமான பணம் யாருக்குப் போனது, பார்த்துக்கொண்டிருக்கச் சம்பளம் வாங்கிய துறை எது என்பதுதான் கேள்வியாக இருந்தது.

நியாயம் அதோடு கிடைத்துவிடவில்லை. 2025 ஜனவரி 30 அன்று இதே பாலாற்று மாசுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு முதலில் இழப்பீட்டைக் கொடுக்கட்டும், பிறகு மாசு செய்தவர்களிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றது. முதல் தீர்ப்பு வந்து 28 வருடங்களுக்கும் மேல் கழித்து! பொறுப்பு யாருடையது என்று தெளிவாகத் தெரிந்த பிறகும் அதை வசூலிப்பது இவ்வளவு கஷ்டம். எல்லோரும்தான் பொறுப்பு என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால் யாரிடம் போய் வசூலிப்பது? உங்கள் மகன் இதை யோசிக்க வேண்டும்.

இப்போது கடலுக்கு வருகிறேன்.

விசைப்படகு கடலடியில் இழுத்துக்கொண்டு போகும் இழுவை மடி என்ற வலை நம் மீனவர்கள் பேராசைப்பட்டுக் கண்டுபிடித்த பொருள் என்று உங்கள் வீட்டுக்காரர் நினைத்தால், அது சரியில்லை. 1952இல் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை மூன்றும் ஒப்பந்தம் போட்டு, கொல்லம் நீண்டகரைப் பக்கம் இந்தோ-நார்வே திட்டத்தைத் தொடங்கின. இயந்திரப் படகும் இழுவை வலையும் அந்த வழியாகத்தான் பரவின. ஏழைகளுக்கு நிறைய மீன் கிடைக்கும் என்பது திட்டத்தின் நோக்கம். ஆனால் இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை என்று தெரிந்ததும் திட்டம் போன திசையே மாறிவிட்டது. கடன் கொடுத்து, மானியம் கொடுத்து, விசைப்படகு வாங்கச் சொன்னது அரசு. இன்றைக்கும் ஒரு விசைப்படகுக்கு வருடத்துக்கு 18,000 லிட்டருக்குக் குறையாமல் வரி நீக்கிய டீசல் தருகிறது தமிழக அரசு.

அந்த வலை என்ன செய்கிறது என்று பாருங்கள். வாயை அகலமாகத் திறந்து வைக்க இரண்டு பக்கமும் கனத்த பலகைகள். அவை கடலடியை உழுதுகொண்டே போகும். அடியில் இருக்கும் சிப்பி, நண்டு, நட்சத்திர மீன், கடற்குதிரை, இன்ன மீன் என்று அடையாளமே தெரியாத குஞ்சுகள், எல்லாம் பைக்குள் வந்துவிடும். தேடிப்போன இறால் அதில் ஒரு பங்குதான். மிச்சத்தை ராமேசுவரம் பக்கம் சங்காயம் என்பார்கள். முன்பு கடலிலேயே கொட்டிவிடுவார்கள். இப்போது அதற்கும் விலை வந்துவிட்டது. காயவைத்து, அரைத்து, நாமக்கல் கோழித் தீவனத்துக்கும் இறால் பண்ணைத் தீவனத்துக்கும் போகிறது. ஆக, சங்கராவை ஒதுக்கிவிட்டு விடுதியில் ஆம்லெட் சாப்பிட்டால் உங்கள் மகன் இந்தச் சங்கிலியை விட்டு வெளியே வந்ததாக ஆகாது. அவனைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. தட்டைத் தள்ளி வைப்பதால் வெளியேறிவிட முடியாதபடி இந்த வியாபாரம் நம்மைச் சுற்றிப் பின்னியிருக்கிறது.

இதை முதலில் எதிர்த்தது யார் தெரியுமா? மீனவர்களேதான். எழுபதுகளில் கட்டுமரக்காரர்களுக்கும் விசைப்படகுகளுக்கும் கடலிலேயே சண்டை. வலை அறுந்தது, படகு எரிந்தது, உயிர் போனது. அந்தப் போராட்டத்தின் பலனாகத்தான் 1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையோரக் கடல் சிறு மீனவர்களுக்கு, விசைப்படகு அதைத் தாண்டிப் போக வேண்டும் என்று எல்லை வகுத்தது. இரண்டு படகு சேர்ந்து ஒரே வலையை இழுக்கும் இரட்டை மடிக்குத் தடை இருக்கிறது. இழுவை வலையின் கடைசிப் பையில் கண்ணி, அதாவது வலையின் ஓட்டை, 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்ற விதி இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலமும் இருக்கிறது. தடைக்காலம் ஓரளவு ஒழுங்காக நடக்கிறது, ஏனென்றால் துறைமுகத்தில் படகு நிற்கிறதா இல்லையா என்பது எல்லார் கண்ணுக்கும் தெரியும். கண்ணி அளவு அப்படியில்லை. அதை ஒருவர் படகில் ஏறி அளந்து பார்க்க வேண்டும்.

அளந்து பார்ப்பதில்லை என்பதற்கு நம் ஊரிலேயே அத்தாட்சி இருக்கிறது. வேலூர் மீன் மார்க்கெட்டில் விடியற்காலை லாரியிலிருந்து தெர்மாகோல் பெட்டிகள் இறங்கும்போது ஒரு தடவை போய் நில்லுங்கள். உடைத்த ஐஸை விலக்கினால் முழங்கை நீளமே இருக்கிற வஞ்சிரம் வரிசையாகக் கிடக்கும். கிலோவுக்கு ஒன்று நிற்கும். வஞ்சிரம் முதல் முறை முட்டையிட ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் வளர வேண்டும், அதாவது ஒன்றரை முழம். பெட்டியில் இருப்பது ஒரு முழம். ஒரு தடவைகூட முட்டையிடாத மீன் அது. பக்கத்திலேயே உள்ளங்கைக்குள் அடங்குகிற சங்கரா, விரல் நீள அயிலா. பெரிய வஞ்சிரத்தின் விலை கட்டுப்படியாகாத ஓட்டல்களும் மெஸ்களும் இந்தக் குட்டியைத்தான் எடுக்கின்றன. கேரளத்தில் 2015இலேயே 14 வகை மீன்களுக்குக் குறைந்தபட்ச அளவு நிர்ணயித்தார்கள். மத்தி 10 சென்டிமீட்டர், அயிலா 14. மனது வைத்தால் ஒரு மாநில அரசால் இதைச் செய்ய முடியும்.

படகில் இருப்பவர்களின் பொறுப்பையும் மறைக்க மாட்டேன். எல்லைக்குள் வந்து மடி இழுக்கிறவர்களுக்கு அது தப்பு என்று நன்றாகத் தெரியும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. மூச்சு விட மேலே வர வேண்டிய ஜீவன் வலைக்குள் மாட்டினால் மூழ்கித்தான் சாகும். வலைக்குள் சிக்கிய ஆமை வெளியேற ஒரு கம்பிச் சட்டம் பொருத்தலாம். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கென்றே அதை வடிவமைத்துக் கொடுத்திருக்கிறது. கொஞ்சம் இறாலும் அந்த வழியாகப் போய்விடும் என்று பொருத்த மறுக்கிறார்கள். அது படகு உரிமையாளரின் குற்றம், சந்தேகமே வேண்டாம். ஆனால் அதே படகில் பங்குக் கூலிக்குப் போகிற ஆளுக்கு எங்கே மடி இறக்குவது என்று சொல்லும் உரிமை கிடையாது. டீசல், ஐஸ் செலவெல்லாம் கழித்து மிஞ்சினால்தான் அவருக்குக் காசு. உரிமையாளரும் பல சமயம் ஏலக்காரரிடம் முன்பணம் வாங்கி மாட்டிக்கொண்டவர். 2017இல் பாக் நீரிணை விசைப்படகுகளை ஆழ்கடலில் சூரை மீன் பிடிக்கும் படகுகளாக மாற்ற ஒரு திட்டம் வந்தது. படகுக்கு 80 லட்சம், அதில் 70 சதவீதம் மத்திய, மாநில அரசுகளின் மானியம். மூன்று வருடத்தில் 2,000 படகு என்றார்கள். அந்த இலக்கின் பக்கத்தில்கூடப் போகவில்லை. இத்தனைக்கும் பழைய படகுகளை மானியம் கொடுத்துப் பெருக்கிவிட்ட அரசுதான் இது. மாற்றிக் கொடுப்பது அதன் கடமை. சலுகை என்று சொல்லிக்கொள்ள அதற்கு உரிமை இல்லை.

உலக அளவில் பார்த்தால் முடிவெடுக்கிற கைகள் இன்னும் குறைவு. உலகக் கடல் மீன் பிடிப்பில் 11 முதல் 16 சதவீதம் வரை வெறும் 13 கம்பெனிகளின் பிடியில் இருப்பதாக 2015இல் ஓர் ஆய்வு சொன்னது. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத நடுக்கடலில், தடம் பார்க்க முடிந்த தொழில்முறை மீன்பிடிப்பில் 97 சதவீதம் வசதியான நாடுகளின் கொடி கட்டிய கப்பல்களுடையது என்று 2018இல் இன்னொரு ஆய்வு கண்டது. அரசுகளின் மானியம் இல்லாவிட்டால் நடுக்கடல் மீன்பிடிப் பரப்பில் பாதிக்கு மேல் நஷ்டத்தில்தான் ஓடும் என்று அதே வருடம் வேறொரு ஆய்வு கணக்குப் போட்டது. உங்களைப் போன்றவர்கள் குழம்பு வைப்பதால் அந்தக் கப்பல்கள் ஓடவில்லை. டீசல் போட அவர்கள் அரசாங்கம் பணம் தருகிறது, அதனால் ஓடுகின்றன. உலக வர்த்தக அமைப்பு 2022 ஜூனில் மீன்பிடி மானிய ஒப்பந்தத்தை ஏற்று, அது 2025 செப்டம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. தூரக் கடல்களில் போய் வாரிக் குவித்த பணக்கார நாடுகளையும் நம் சிறிய ஃபைபர் படகுக்காரரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் என்று அங்கே இந்தியா வாதாடியது. நியாயமான வாதம். ஆனால் அதை ஜெனீவாவில் சொல்கிற அரசு, இங்கே தன் கரையில் விசைப்படகையும் ஃபைபர் படகையும் அப்படிப் பிரித்துப் பார்த்து நடக்க வேண்டும்.

அப்படியானால் வாங்குகிறவருக்குப் பொறுப்பே இல்லையா? இருக்கிறது. எந்த அளவு, எந்த மாதிரி என்பதற்கும் நம் தோல் தொழிலே உதாரணம். 1989இல் பென்டாகுளோரோபீனால் என்ற பூஞ்சைக்கொல்லி கலந்த தோலுக்கு ஜெர்மனி தடை போட்டது. தொண்ணூறுகளில் சில அசோ சாயங்களுக்கும் தடை வந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் மாற்று ரசாயனத்துக்கு மாறினார்கள். மாறாவிட்டால் சரக்கு திரும்பி வந்துவிடும். மொத்தமாக வாங்குகிறவர் எழுத்தில் நிபந்தனை போட்டபோது தொழில் மாறியது. ஆனால் அந்த நிபந்தனை அவர்கள் நாட்டில் காலில் ஏறும் தோலுக்குத்தான், நம் கிணற்றில் இறங்கிய உப்புக்கு அல்ல. ஆகவே பாலாறு அப்படியே கிடந்தது. கடலிலும் இதேதான். நம் இழுவைப் படகுகளின் வலையில் ஆமை வெளியேறும் அந்தக் கம்பிச் சட்டம் இல்லை என்று 2019 முதல் அமெரிக்கா இந்தியக் கடலில் பிடித்த இறாலை வாங்குவதில்லை. எத்தனையோ வருட ஆமைப் பிரசாரத்தால் முடியாதது, அதன் பிறகுதான் டெல்லி வரைக்கும் பேச்சானது. வாங்குவதில் பலம் இருக்கிறது. அந்தப் பலம் ஒரு வீட்டு அடுப்படியில் இல்லை, கொள்முதல் ஒப்பந்தத்தில் இருக்கிறது.

உங்கள் தெருவுக்கு வரும் அம்மாவிடம் கதவைத் திறங்கள். அவரிடம் வாங்குவதை நீங்கள் நிறுத்தினால் அவர் கூடை இறங்காது, அவ்வளவுதான் நடக்கும். சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு படகுகூட நிற்காது. அவரிடம் பெரிய மீனாகக் கேளுங்கள். குட்டி வஞ்சிரம் வேண்டாம், வளர்ந்த அயிலாவோ நெத்திலியோ கொண்டுவரச் சொல்லுங்கள். நெத்திலி வளர்ந்தாலே அவ்வளவுதான், சீக்கிரம் பெருகும் மீன். தடைக்காலத்தில் ஏரி மீன் வாங்குங்கள். இதில் உங்களுக்குக் கூடுதல் செலவும் இல்லை.

மகனுக்கு ஒரு வேலை தருகிறேன். அவன் விடுதியில் மீன் போடும் நாளில் எத்தனை கிலோ வாங்குகிறார்கள், யாரிடம் வாங்குகிறார்கள், என்ன அளவு மீன் என்று மெஸ் கமிட்டியில் கேட்டு எழுதச் சொல்லுங்கள். நம் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் சாப்பிடுகிற விடுதிகள் இருக்கின்றன, பெரிய மருத்துவமனை கேன்டீன்கள் இருக்கின்றன, பெங்களூர் நெடுஞ்சாலை நெடுக ஓட்டல்கள் இருக்கின்றன. மீன் சப்ளை ஒப்பந்தத்தில் 'ஒன்றரை முழத்துக்குக் குறைந்த வஞ்சிரம் ஏற்கப்படாது, 14 சென்டிமீட்டருக்குக் குறைந்த அயிலா ஏற்கப்படாது' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். ஒரு விடுதி சேர்த்தால் மொத்த வியாபாரி காசிமேட்டுக்குப் போன் போட்டுச் சொல்லியாக வேண்டும். விவரம் கிடைத்ததும் அவனையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். நிர்வாகத்துக்குக் கொடுக்கும் மனுவை நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதலாம்.

அன்புடன்