சத்தியில அப்படி என்ன இருக்குதுங்க? - வாசகர் கேள்வி பதில்

கே: கோயமுத்தூர்ல காலேஜ் படிக்கிறேன். சத்தின்னாலே பசங்க வீரப்பன், சிறுத்தை, பண்ணாரி, அதோட முடிச்சிடறாங்க. எங்க ஊருக்குன்னு சண்டை, கோட்டை எதாச்சும் இருந்துச்சுங்களா? (வாசகி, சத்தியமங்கலம்)

ப: ஏங்கண்ணு, இப்படிக் கேட்டுப்போட்டே! கொங்குல படைங்க அதிகமா நடந்த ஊருன்னு பட்டியல் போட்டா உங்க ஊரு மேல தான் வரும். மைசூர்ல இருந்து பீரங்கி, மாடு, குதிரையெல்லாம் கீழ எறக்கணும்னா அன்னிக்கு வழி கெஜலெட்டிக் கணவாய் தான், அது மோயாத்துப் பள்ளத்தாக்குல எறங்கி பவானி ஆத்துக்கு வந்து சேரும். அதனால மேல இருக்கறவன் கீழ வரணும்னாலும் சத்தி, கீழ இருக்கறவன் மேல ஏறணும்னாலும் சத்தி. 1650கள்ல கண்டீரவ நரசராஜா அனுப்பின மைசூர் படை இந்தப் பக்கமா வந்துதான் திருமலை நாயக்கர் சீமைல புகுந்து ஆளுங்க மூக்க நெசமாவே அறுத்துச்சு, பதிலுக்கு மதுரைக்காரங்களும் போய் அறுத்தாங்க, கேக்கவே கண்றாவியா இருக்கும். 1768ல கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் கொங்குல கோட்டை கோட்டையா புடிச்சு ஒவ்வொண்ணுலயும் பத்துப்பேர் அம்பதுபேருன்னு நிறுத்தி வச்சான், மைசூர் ஹைதர் அலி ஆளுங்க கணவாய்ல எறங்கினதும் எல்லாம் காலி.

கே: 1790 சத்தி சண்டையில ஜெயிச்சது யாருங்க, திப்புவா வெள்ளக்காரனா? திம்பம் வழியா வந்தாரா? (வாசகர், புளியம்பட்டி)

ப: திம்பம் இல்லீங்க, கெஜலெட்டி தான். அந்த 27 கொண்டை ஊசி வளைவெல்லாம் பின்னாடி போட்டது. மெட்ராஸ் கவர்னர் மெடோஸ் திருச்சியில இருந்து கெளம்பி கரூர், தாராபுரம், கோயமுத்தூர்னு வரிசையா புடிச்சுட்டு வந்தாரு, இதே கணவாய்ல ஏறி மைசூருக்குள்ள போறது தான் அவர் பிளான், அதுக்காக கர்னல் ப்ளாய்டு முன்னாடியே வந்து சத்தியப் புடிச்சு உக்காந்துட்டாரு. செப்டம்பர்ல திப்பு பெரும்படையோட தானே எறங்கிட்டாரு. 13ந்தேதி பவானிக் கரையில நாள் பூரா சண்டை, ராத்திரியோட ப்ளாய்டு பீரங்கி சிலத அப்படியே போட்டுட்டு சேவூர்ப் பக்கம் கெளம்ப, அடுத்த நாள் திப்பு தொரத்திட்டே போயி அங்கயும் அடி. திப்புவோட மச்சான் புர்ஹானுதீன் இந்தச் சண்டையில தான் செத்தாரு. மெடோஸ் வந்துட்டாருன்னு ஒரு பேச்சு கெளம்பினதுல ப்ளாய்டு தப்பிச்சதா சொல்லுவாங்க. ஆளு தப்பிச்சாச்சு, ஆனா வந்த காரியம் கெட்டுப்போச்சே, அப்பறம் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸே நேர்ல வந்து வேலூர்ப் பக்கமா சுத்தி பெங்களூருக்குப் போனாரு. என்னக் கேட்டா திப்பு ஜெயிச்சாருன்னு தான் சொல்லுவேன். சண்டைய முடிச்சு போட்ட 1792 ஒப்பந்தத்துல சேலம் சீமை கம்பெனிக்குப் போச்சு, கோயமுத்தூர்ப் பக்கம் திப்புகிட்டயே இருந்துச்சு, அதாவது ஏழு வருசம் காவேரி தான் பார்டர்! பவானி ஊர்ல நின்னா அக்கரையில குமாரபாளையம் வேற நாடு.

கே: டணாயக்கன் கோட்டைய இப்ப பாக்கலாங்களா? (வாசகர், கோபி)

ப: அது பவானிசாகர் டேமுக்குள்ள முங்கிப்போச்சுங்க. ஹொய்சாள தளபதி மாதவ தண்டநாயகன் பேர்ல நின்ன கோட்டை, கணவாய்க்கு வாசக்காப்பு மாதிரி. டேம் 1955ல முடிஞ்சுது. கோடையில தண்ணி ரொம்ப எறங்கினா சுவர், கோயில் எல்லாம் தலை காட்டும். ஃபாரஸ்ட் ஆளுங்களக் கேக்காம எறங்காதீங்க, சேறும் ஆனையும் ரெண்டுமே ஆபத்து.

கே: ஊர்ப்பக்கம் பேர் வாங்கினவங்க? (வாசகி, தாளவாடி)

ப: உங்க பக்கத்துலயே இருந்தாரே, கன்னட நடிகர் ராஜ்குமார், காஜனூர்க்காரர். 2000 ஜூலை 30 ராத்திரி அந்த ஊரு வீட்டுல இருந்து தான் வீரப்பன் கும்பல் அவர கடத்திட்டுப் போயி 108 நாள் காட்டுல வச்சிருந்தாங்க. அவர எல்லாருக்கும் தெரியும், ஆனா கீழ்பவானித் திட்டத்துக்காக அலையா அலைஞ்ச ஈரோடு எம்எல்ஏ, தியாகி எம்.ஏ.ஈஸ்வரன் பேர எத்தன பேருக்குத் தெரியும்? ரெண்டு லட்சம் ஏக்கர் பாயுதுங்க அந்தத் தண்ணி. வீரப்பன கேப்பீங்க, அவர் நம்ம ஊரே இல்ல, பொறந்தது கர்நாடகா கோபிநத்தம், 2004ல சுட்டது தர்மபுரி பாப்பாரப்பட்டிப் பக்கம். கெட்ட பேரு மட்டும் சத்திக்கு!