எச்.ஐ.வி. மாத்திரை: எதிர்ப்புச் சோதனை முடிவுக்குக் காத்திருக்கலாமா?

எச்.ஐ.வி. போன வாரம்தான் உறுதியானது, எந்த மருந்துக்கு வைரஸ் அடங்காது என்று பார்க்கும் மருந்து எதிர்ப்புச் சோதனையின் முடிவு வரும்வரை மாத்திரையைத் தள்ளிப்போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், தள்ளிப்போடாதீர்கள். சிடி4 (நோயெதிர்ப்பு ரத்த அணுக்களின் எண்ணிக்கை) எவ்வளவு இருந்தாலும் சிகிச்சை என்பது 2017 முதல் இந்தியாவில் நடைமுறை. தாம்பரம் சானடோரியம் போன்ற அரசு ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. மருந்து சிகிச்சை) மையங்களில் மருந்து இலவசம். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று. இதில் டோலுடெகிராவிருக்கு எதிராக வைரஸ் அவ்வளவு சுலபத்தில் தலைதூக்காது. தனியாரில் சோதனை செய்வதென்றால் முதல் மாத்திரைக்கு முன்பே ரத்தம் கொடுத்துவிடுங்கள். முடிவு மெதுவாக வரட்டும். அப்புறம், ஆறாம் மாத வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்ற) பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன்: விடாத தலைவலியோ காய்ச்சலோ இருமலோ இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். காசநோயாலோ பூஞ்சையாலோ மூளைக்காய்ச்சல் இருந்தால் முதலில் அதற்குத்தான் வைத்தியம். இந்த மாத்திரை சில வாரம் கழித்தே.