காசில்லாத பேண்டுகள் 7 இன்ச் ரெக்கார்டு போட்ட கணக்கும், இன்று போடுகிறவர்கள் சறுக்கும் இடங்களும்

கேள்வி: எழுபதுகளின் கடைசியில் பிரிட்டனில் கையில் காசில்லாத ராக் பேண்டுகள் பெரிய கம்பெனி துணை இல்லாமல் எப்படித் தாங்களே ரெக்கார்டு போட்டார்கள்? இன்று ஒரு இண்டி பேண்டு, அதாவது பெரிய கம்பெனியைச் சாராத பேண்டு, அதே மாதிரி 7 இன்ச் போட இறங்கினால் எங்கே தப்பு நடக்கும்?

பதில்: முதல் கேள்விக்கு விடை தேடி அலையவே வேண்டாம். அவர்களே உறையில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள்.

மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் 1976 டிசம்பர் 28 அன்று ஸ்டுடியோவுக்குள் போய் நாலு பாட்டை ஒரே நாளில் முடித்தார்கள். மொத்தச் செலவு சுமார் 500 பவுண்டு, எல்லாம் வீட்டிலும் நண்பர்களிடமும் வாங்கிய கடன். ‘ஸ்பைரல் ஸ்கிராட்ச்’ என்ற அந்த 7 இன்ச் 1977 ஜனவரி 29இல், அவர்களே தொடங்கிய நியூ ஹார்மோன்ஸ் என்ற லேபிளில் (ரெக்கார்டு வெளியிடும் கம்பெனி) வந்தது. முதலில் அடித்தது 1000. விற்றது ஏறக்குறைய 16,000. எந்தப் பாட்டு எத்தனையாவது தடவை பாடிப் பதிந்தது (டேக்), அதன்மேல் கிட்டார் மறுபடி சேர்த்தார்களா என்பதெல்லாம் உறையிலேயே இருக்கும். ஹோட்டல்காரர் சமையலறைக் கதவைத் திறந்து வைத்த மாதிரி.

அதே வருடம் லண்டனின் டெஸ்பரேட் பைசைக்கிள்ஸ் 153 பவுண்டில் 500 பிரதி போட்டார்கள். ரெக்கார்டின் இரண்டு பக்கத்திலும் அதே இரண்டு பாட்டுதான். எளிது, மலிவு, நீயும் போய்ச் செய் என்பதுதான் அவர்கள் ரசிகர்களுக்குச் சொன்ன சேதி. 1978இல் ஸ்கிரிட்டி பொலிட்டி ‘ஸ்காங்க் பிளாக் போலோனா’ சிங்கிளின் உறையில் முழு செலவுப் பட்டியலையும் போட்டார்கள்: கேம்பிரிட்ஜ் ஸ்டுடியோவில் 14 மணி நேரம், மாஸ்டர் டேப்போடு சேர்த்து 98 பவுண்டு, அச்சுக்கான மூலத் தட்டு (மாஸ்டர்) வெட்ட 40 பவுண்டு, ரெக்கார்டின் நடுவில் இருக்கும் காகித லேபிளுக்கு ரப்பர் ஸ்டாம்ப் 8 பவுண்டு. வெறும் வெள்ளை லேபிளோடு ரெக்கார்டை வாங்கி, வீட்டில் உட்கார்ந்து 2500 பிரதிக்கும் முத்திரை குத்துவது. அந்த 8 பவுண்டு வரிதான் எனக்குப் பிடித்த வரி. லேபிள் அச்சுக்கான செலவே அங்கே காணாமல் போய்விட்டது.

அட்லாண்டிக்கின் மறுகரையிலும் இதே கதைதான். வாஷிங்டன் டி.சி.யில் டிஸ்கார்ட் லேபிளின் முதல் ரெக்கார்டு டீன் ஐடில்ஸ் பேண்டின் எட்டுப் பாட்டு கொண்ட 7 இன்ச். உறை எப்படிச் செய்வதென்று தெரியாததால், கைவசம் இருந்த ஒரு ரெக்கார்டின் உறையைப் பிரித்து விரித்து, ஓரம் வரைந்து, அந்த அளவில் அச்சடித்து, கையாலேயே வெட்டி மடித்து ஒட்டினார்கள்.

இண்டி என்றதும் சிணுங்கும் கிட்டார், கூச்சப்பட்ட குரல் என்று ஒரு ‘சவுண்ட்’ நினைவுக்கு வருவது பிற்பாடு ஒட்டிக்கொண்ட பழக்கம். ஆரம்பத்தில் அது சரக்கைக் கடைக்கு யார் கொண்டுபோகிறார்கள் என்ற விஷயம். 1980 ஜனவரியில் தொடங்கிய பிரிட்டிஷ் இண்டி சார்ட்டில் (விற்பனை வரிசைப் பட்டியல்) இடம்பெற, விநியோகம் பெரிய கம்பெனிகள் கையில் இருக்கக்கூடாது. பாட்டு எந்த வகை என்று யாரும் கேட்கவில்லை. அதனால்தான் எண்பதுகளின் கடைசியில் கைலி மினோக்கின் பளபளப்பான டான்ஸ் பாட்டுகளும் இண்டி சார்ட்டில் ஏறின. அவருடைய லேபிளின் சரக்கைக் கொண்டுபோனது பினக்கிள் என்ற தனி விநியோகஸ்தர். விதிப்படி அது இண்டிதான். கறுப்புக் கோட்டு போட்ட கிட்டார் ரசிகர்கள் என்ன செய்வார்கள், பல்லைக் கடித்துக்கொண்டார்கள்.

1976இல் மேற்கு லண்டனில் ஜெஃப் டிராவிஸ் தொடங்கிய ரஃப் டிரேட் கடை இல்லாவிட்டால் இந்த 500, 1000 பிரதிகள் கட்டிலுக்கு அடியில்தான் கிடந்திருக்கும். பின்னால் யார்க்கின் ரெட் ரைனோ, லிவர்பூலின் புரோப், பிரிஸ்டலின் ரிவால்வர், நாரிச்சின் பேக்ஸ் போன்றவற்றோடு சேர்ந்து ‘கார்ட்டெல்’ என்ற விநியோகக் கூட்டு உருவானது. 1991இல் ரஃப் டிரேட்டின் விநியோகப் பிரிவு நொடித்தபோது, வரவேண்டிய பணத்தை நம்பியிருந்த சின்ன லேபிள்களும் சேர்ந்து அடிபட்டன.

இனி இரண்டாவது கேள்வி. ஸ்டுடியோ செலவு இன்று லேப்டாப்புக்குள் அடங்கிவிட்டது. சறுக்கல் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் நேரம். 7 இன்ச்சில் 45 வேகத்தில் (நிமிடத்துக்கு 45 சுற்று) ஒரு பக்கத்துக்கு நாலு நிமிடம் வரை நிம்மதி. ஐந்தைத் தாண்டினால் சத்தத்தைக் குறைத்துத்தான் வெட்டுவார்கள், ஏனென்றால் சத்தம் கூடக் கூட, ஒலியை எழுதும் பள்ளம் அகலமாக ஆடும், இடம் அதிகம் பிடிக்கும். 33க்கு மாறினால் ஆறு நிமிடம் போல வைக்கலாம், ஆனால் வேறு விலை கொடுக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ரெக்கார்டின் வெளி ஓரத்தில், மையத்திலிருந்து சுமார் 8.4 சென்டிமீட்டரில், 45 வேகத்தில் ஊசிக்கு அடியில் நொடிக்கு ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. பாட்டு முடியும் இடத்தில், 5.4 சென்டிமீட்டரில், அது 25 ஆகிவிடும். 33 வேகத்தில் அதே இடத்தில் 19தான். அதே அளவு ஒலியைக் குறைந்த நீளத்தில் நெருக்கி எழுத வேண்டும். சிம்பலும் ‘ஸ’ ஒலியும் கரகரவென்று வருவது இதனால்தான். ஆகவே ஒரு பக்கத்தில் இரண்டு பாட்டு வைப்பதாக இருந்தால், அதிரடியானதை முதலிலும் அமைதியானதை உள்பக்கமும் வையுங்கள். பெரும்பாலான பேண்டுகள் நேர்மாறாகத்தான் செய்கின்றன, மேடையில் கடைசிப் பாட்டு உச்சமாக இருக்க வேண்டும் என்ற பழக்கத்தில்.

அடுத்தது பேஸ், அதாவது கனத்த தாழ்ந்த ஒலி. ஸ்டீரியோ ரெக்கார்டில் இரண்டு சேனலுக்கும் பொதுவான ஒலி ஊசியைப் பக்கவாட்டில் ஆட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மேலும் கீழுமாக ஆட்டும். பேஸ் கிட்டாரையோ கிக் டிரம்மையோ ஒரு பக்கமாகத் தள்ளியிருந்தால், அல்லது அகலப்படுத்தும் எஃபெக்ட் போட்டிருந்தால், பள்ளம் ஓரிடத்தில் ஆழமாகி இன்னோரிடத்தில் ஏறக்குறைய மறைந்தே போகும். ஊசி எகிறிக் குதிக்கும். சுமார் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை எல்லாம் நடுவில் மோனோவாக, அதாவது இரண்டு சேனலிலும் ஒரே மாதிரி, வைத்தால் இந்தத் தொல்லை வராது. மிக்ஸை ஒருமுறை முழுக்க மோனோவில் கேளுங்கள். பேஸ் திடீரென்று மெலிந்துபோனால், வெட்டும் எஞ்சினியர் திருத்துவார் என்று விட்டுவிடாமல் மிக்ஸிலேயே சரிசெய்யுங்கள். அவர் கையில் இருப்பது முழுப் பாட்டுத்தான், தனித்தனி டிராக் இல்லை.

‘ஸ’, ‘ஷ’ ஒலிகளுக்குக் குரல் டிராக்கில் டி-எஸ்ஸர் (இந்தக் கூர்மையைக் குறைக்கும் கருவி) போடுங்கள், 6 முதல் 9 கிலோஹெர்ட்ஸ் பகுதியில். ரெக்கார்டில் வெட்டும்போது பேஸைக் குறைத்து ட்ரெபிளைக் கூட்டித்தான் எழுதுவார்கள், திரும்ப ஒலிக்கும்போது ஆம்ப் அதை நேர்மாறாகச் சமன் செய்யும். ஆக ஏற்கெனவே கூர்மையான ‘ஸ’ பள்ளத்தில் இன்னும் கூர்மையாகிறது. ஸ்ட்ரீமிங்குக்காக லிமிட்டர் (உச்ச ஒலிகளை அமுக்கும் கருவி) போட்டு நசுக்கிய ஃபைலையும் அனுப்பாதீர்கள். அதை எவ்வளவு சத்தமாக அனுப்பினாலும் எஞ்சினியர் குறைத்துத்தான் வெட்டுவார். மிஞ்சுவது உயிரில்லாத டிரம் மட்டுமே. லிமிட்டர் இல்லாத 24 பிட் வேவ் ஃபைல், உச்சத்தில் மூன்று டெசிபல் போல இடம் விட்டு, ஒரு பக்கத்துக்கு ஒரே ஃபைல். பாட்டுக்கு இடையே வேண்டிய மௌனத்தையும் அதிலேயே வைத்துவிடுங்கள்.

ஃபைல் போன பிறகு நடப்பது உலோக வேலை. அலுமினியத் தட்டின் மேல் பூசிய லேக்கர் என்ற மென்மையான பூச்சில் சூடான ஊசியால் பள்ளம் வெட்டுவார்கள். அதன்மேல் வெள்ளிப் படலம் ஏற்றி, நிக்கல் தொட்டியில் போட்டு, உரித்தெடுத்தால் நேர்மாறான அச்சு. அதிலிருந்து இன்னொரு நகல், அந்த நகலிலிருந்து அழுத்துவதற்கான ஸ்டாம்பர். ஒரு ஸ்டாம்பர் ஆயிரம் பிரதி போலத் தாங்கும். லேக்கர் செய்யும் தொழிற்சாலைகள் உலகத்தில் இரண்டே என்ற நிலையில், அதில் கலிஃபோர்னியாவின் அப்போலோ மாஸ்டர்ஸ் 2020 பிப்ரவரியில் தீயில் எரிந்துபோனது. நேராகச் செம்புத் தட்டில் வெட்டும் முறையும் உண்டு, ஐரோப்பியத் தொழிற்சாலைகளில் சகஜம்.

வெட்டி முடித்த இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள வெற்றுப் பட்டையில் அந்த ரெக்கார்டின் எண் ஒன்றைப் பொறிப்பார்கள். முன்கூட்டியே கேட்டால் நீங்கள் தரும் ஒரு வரியையும் பொறிப்பார்கள். ஜார்ஜ் பெக்கம் என்ற எஞ்சினியர் தான் வெட்டியவற்றில் ‘எ போர்க்கி பிரைம் கட்’ என்று பொறித்தது ரசிகர்களிடையே பிரசித்தம். பழைய சிங்கிள் வாங்குகிறவர்கள் உறையைவிட இந்த எழுத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். ‘ஸ்பைரல் ஸ்கிராட்ச்’சுக்கு மட்டும் உறையே போதும்: அதில் பாடிய ஹோவர்ட் டெவோட்டோவின் பெயர் பேண்டின் பெயரோடு சேர்த்து முன்னால் இருந்தால் அது 1979 மறுபதிப்பு.

லேபிளைப் பசை போட்டு ஒட்டுகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அழுத்தும்போதே சூட்டில் ரெக்கார்டின் பிளாஸ்டிக்கான பிவிசியோடு இறுகிவிடும். அதனால் காகிதத்தில் துளி ஈரம் இருந்தாலும் ஆவியாகிக் கொப்புளிக்கும், கிழியும். லேபிளை அடுப்பில் வாட்டிக் காயவைத்துத்தான் போடுவார்கள். வேறு அச்சகத்தில் மலிவாக லேபிள் அடித்து அனுப்பலாம் என்ற யோசனை இங்கேதான் கவிழும். முத்திரை குத்துவதென்றால் அந்த 8 பவுண்டு வழிதான் சரி: அழுத்தி முடித்த பிறகு, வெள்ளை லேபிளின் மேல். நடு ஓட்டை சின்னதா, ஜூக்பாக்ஸ் காலத்துப் பெரிய ஓட்டையா என்பதையும் ஆர்டரிலேயே எழுதுங்கள். பெரிய ஓட்டை என்றால் வாங்குகிறவரிடம் அந்த ஓட்டையை அடைக்கும் அடாப்டர் இருக்க வேண்டும்.

மொத்தமாக அடிக்கும் முன் சரிபார்க்க, டெஸ்ட் பிரஸ்ஸிங் என்று சாதாரணமாக ஐந்து பிரதி வரும். இதைச் சந்தோஷத்தில் நண்பர்களுக்குக் கொடுத்துவிடுவது மகா தப்பு. ஐந்தையும் கேளுங்கள், முடிந்தால் இரண்டு பிளேயரில். ஒரு ‘டிக்’ சத்தம் ஐந்திலும் அதே இடத்தில் வந்தால் குறை அச்சில் இருக்கிறது. ஸ்டாம்பரை மாற்றச் சொல்லலாம், அதற்கும் போகாவிட்டால் மறுபடி வெட்ட வேண்டும். ஒன்றில் மட்டும் வந்தால் அந்தப் பிரதியின் குறை, அவ்வளவே. ஒரு பக்கச் சேனலில் துணி கிழிகிற மாதிரி ‘சர்ர்’ என்று வந்தால் பிவிசி பள்ளத்துக்குள் முழுசாகப் பாயவில்லை என்று அர்த்தம். சூடும் அழுத்தும் நேரமும் சரியில்லை. நீண்ட ஸ்வரம் அலைபாய்ந்தால் ஊசிக் கையைப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் இடமும் வலமுமாக ஆடினால் ஓட்டை மையத்தில் இல்லை. குறையை எழுதும்போது, முதல் பக்கம், 2 நிமிடம் 14 நொடி, ஐந்து பிரதியிலும், என்கிற மாதிரி எழுதுங்கள். ‘சவுண்ட் சரியில்லை’ என்று எழுதினால் எந்தத் தொழிற்சாலையும் திரும்பிப் பார்க்காது.

உறைக்கு வருவோம். ரெக்கார்டின் விட்டம் 17.5 சென்டிமீட்டர், உறை 18.4. முன்னும் பின்னும் ஒரே தாளாக மடித்தால் 36.8 அகலம் வேண்டும், ஏ4 போதாது, ஏ3 தாராளம். ஒரு ஏ3 ஜெராக்ஸ், ஒரு மடிப்பு, ஒரு பிளாஸ்டிக் கவர். 1987 முதல் 1995 வரை பிரிஸ்டலில் இயங்கிய சாரா ரெக்கார்ட்ஸ் இப்படி மடித்த தாளைக் கவரில் போட்டே பல சிங்கிள்களை அனுப்பியது, இன்று அவற்றின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். உறையில் புதுமை செய்கிறேன் என்று உப்புத்தாளுக்குப் போகாதீர்கள். 1980இல் ஃபாக்டரி லேபிள் ‘டுருட்டி காலம்’ (Durutti Column) என்ற பேண்டின் ஆல்பத்தின் முதல் பிரதிகளை உப்புத்தாள் உறையில் போட்டது. அலமாரியில் பக்கத்தில் இருக்கும் ரெக்கார்டுகளைத் தேய்ப்பதுதான் அதன் நோக்கம்.

எத்தனை பிரதி? வெட்டுவது, நிக்கல் வேலை, டெஸ்ட் பிரஸ்ஸிங் மூன்றும் 100 போட்டாலும் 1000 போட்டாலும் ஒரே செலவு. ஆகவே 100 பிரதி போட்டால் ஒன்றின் அடக்க விலை எகிறும், 300இல் மூச்சு விடலாம். முப்பது நாற்பது போதும் என்றால் அழுத்தவே வேண்டாம், ஒவ்வொன்றாக நேரடியாக வெட்டித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். இரைச்சல் கொஞ்சம் கூடும், சத்தம் குறையும், ஆனால் கடன் இருக்காது.

300 பிரதி உறையோடு இருபது கிலோ வரும். வந்ததும் நிமிர்த்தி வையுங்கள், படுக்கவைத்து அடுக்க வேண்டாம். கச்சேரிக்குக் கொண்டுபோகும் நாளில் பெட்டியை வெயிலில் நிறுத்திய காருக்குள் விடாதீர்கள். மூடிய காரின் சூட்டில் பிவிசி இளகிவிடும், இரண்டு மணி நேரத்தில் முழுப் பெட்டியும் அப்பளமாகிவிடும்.