முதல் பத்தியைத் தாண்ட முடியாதவர்களுக்கு

கேள்வி: நான் பெரம்பூரில் வசிக்கிறேன். நந்தனத்தில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. ரயிலிலும் மெட்ரோவிலும் மாறி மாறிப் போய் வருகிறேன். கல்லூரியில் சிறுகதைக்குப் பரிசெல்லாம் வாங்கியிருக்கிறேன். இப்போதோ இரவில் உட்கார்ந்தால் முதல் பத்தியை எழுதுவதும் அழிப்பதுமாகவே நேரம் போய்விடுகிறது. தோழிகள் வாட்ஸ்அப்பில் "சூப்பர், தொடர்ந்து எழுது" என்கிறார்கள். ஆனால் முடித்த கதை ஒன்றுகூட இல்லை. எழுத்துப் பயிற்சி வகுப்பில் சேர வேண்டுமா?

பதில்: வகுப்பைப் பற்றிய முடிவைச் சில மாதங்கள் தள்ளிப்போடலாம். உங்களிடம் இருப்பது திறமைக் குறைவோ நேரக் குறைவோ அன்று. எழுதுகிறவரும் பிழை பார்க்கிறவரும் ஒரே நாற்காலியில் ஒரே நேரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பகல் முழுவதும் பற்று வரவு சரிபார்த்துவிட்டு வருகிற ஒருவருக்கு, அந்த இரண்டாம் ஆள் இரவிலும் எழுந்து போக மறுப்பதில் வியப்பில்லை. ஆகவே இரண்டு வேலைகளையும் நாள்வாரியாகப் பிரித்துவிடுங்கள். வார நாட்களில் எழுதுவது மட்டும், திருத்தமெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு. முந்தைய இரவு எழுதியதில் கடைசி வரிக்கு மேலே கண் போகக் கூடாது. இதற்குக் கைப்பேசியைவிடக் கோடு போட்ட நோட்டும் பேனாவும் நல்லவை. அடித்த வரியும் கோட்டுக்கு அடியில் தெரிந்துகொண்டிருப்பதால், ஞாயிறன்று அதுவே சரியென்று தோன்றினால் மீட்டுக்கொள்ளலாம். 20 நிமிடம் போதும். அடுத்த வாக்கியம் என்னவென்று தெரிந்திருக்கும்போதே நோட்டை மூடிவிட்டால், மறுநாள் எங்கே தொடங்குவது என்று விழிக்க வேண்டியிராது.

எதை எழுதுவது என்பதற்கு உங்கள் ரயிலே போதுமானது. பெண்கள் பெட்டியில் பூக்காரம்மா தம் கையால் முழம் போட, வாங்குகிற பெண், "உங்க கை சின்னதுக்கா, என் கையால அளங்க" என்று தம் கையை நீட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது குறித்துக்கொள்ள வேண்டியது ஏழ்மை, நேர்மை பற்றிய கருத்து அன்று. நீட்டிய கையில் வளையல் இருந்ததா, கடிகாரம் இருந்ததா. பூக்காரம்மா சிரித்தாரா, அல்லது சரத்தைக் கூடைக்குள்ளேயே திரும்பப் போட்டாரா. வாழைநார் எந்த விரலில் சுற்றியிருந்தது என்று மூன்றே வரிகள் எழுதி வையுங்கள். இரவில் அங்கிருந்து தொடங்கினால், அந்தக் கை நீளத்தில் யாருக்கு எவ்வளவு நட்டம், அதை இருவரில் யார் முதலில் கணக்கிட்டார் என்ற கேள்வி தானாக எழும். ஒரு சிறுகதைக்கு அந்தக் கேள்வியே தாராளம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கே உரிய சிக்கல் ஒன்றும் இதில் உண்டு. நாம் பேசுவது ஒரு தமிழ், எழுதுவது வேறொரு தமிழ். "அவள் மலர்ச்சரத்தை வாங்கினாள்" என்று எழுதிய மறுகணம் ரயிலில் கேட்ட குரல் காணாமல் போய்விடுகிறது. என்ன குறை என்று தெரியாமல் வரியை அழிக்கிறோம். உங்கள் முதல் பத்திகள் நின்றுபோவதற்குப் பாதிக் காரணம் இதுவாகவே இருக்கும் என்பது என் கணிப்பு. வார நாட்களில், நடந்ததைத் தங்கையிடம் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே, கொச்சையைப் பற்றிக் கவலைப்படாமல் எழுதுங்கள். ஞாயிறன்று உரத்துப் படித்துப் பார்த்து, கதைசொல்லியின் வரிகளில் எவற்றை எழுத்துத் தமிழுக்கு மாற்றுவது என்று முடிவு செய்யலாம். உரையாடலைத் தொடவே வேண்டாம். புதுமைப்பித்தன் நெல்லைப் பேச்சைக் கதைக்குள் அப்படியே வைத்து எத்தனையோ காலமாயிற்று. பெரம்பூர்ப் பேச்சுக்கு மட்டும் ஏன் கூச்சம்?

திருத்திய படியைக் கணினியில் ஏற்றும்போது, ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழை வரவழைக்கும் முறையை விட்டு, 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டி அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையைப் பழகிப் பாருங்கள். உயிரெழுத்துகள் இடப்பக்கமும் மெய்கள் வலப்பக்கமும் இருக்கும். 'ம'வை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். சில நாள் தடுமாறினாலும், அதன்பிறகு மனம் தமிழிலேயே ஓடும்.

வீட்டில் இடமில்லை என்பது பலருக்கும் உள்ள குறை. அசோகமித்திரன் தி.நகர் நடேசன் பூங்காவில் அமர்ந்து எழுதியவர். உங்கள் அலுவலகத்துக்கு அருகிலேயே, கோட்டூர்புரத்தில், 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. சொந்தப் புத்தகங்களைக் கொண்டுவந்து படிப்பதற்கென்றே அங்கு ஒரு பிரிவு உண்டு. விடுமுறை நாளில் நோட்டுடன் போய் உட்காரலாம்.

தோழிகளின் பாராட்டை மறுக்க வேண்டாம், ஆனால் பாதிக் கதையை அவர்களுக்கு அனுப்பாதீர்கள். பாராட்டு முன்கூட்டியே கிடைத்துவிட்டால் முடிக்கும் வேகம் குறைந்துவிடுகிறது. முடித்த கதையை, கதை படிக்கும் பழக்கமுள்ள இருவரிடம் மட்டும் கொடுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் அவர்களால் வேறு என்ன சொல்ல முடியும்? எந்த இடத்தில் நிறுத்திவிட்டு வேறு வேலை பார்க்கத் தோன்றியது, முடிவு எந்தப் பக்கத்தில் தெரிந்துவிட்டது என்று கேளுங்கள். இருவரும் ஒரே இடத்தைச் சுட்டினால் அங்கே கை வையுங்கள். வெவ்வேறு இடங்களைச் சொன்னால் உங்கள் காது சொல்வதைக் கேளுங்கள். பிறகு ஒரு படியை உங்களிடம் வைத்துக்கொண்டு ஏதேனும் ஒரு பத்திரிகைக்கு அனுப்புங்கள். அங்கிருந்து பதில் வரும்வரை அதே கதையை வேறெங்கும் அனுப்பாமல், அடுத்ததைத் தொடங்கிவிடுங்கள்.