ரஸ்தாலியில் விதை வரவில்லை என்றால் குற்றம் உங்கள் கையில் இல்லை

கேள்வி: சிங்கப்பூர் அங் மோ கியோவில் எங்கள் சமூகத் தோட்டத்தில் பிசாங் ரஸ்தாலி, பிசாங் மாஸ் என்ற இரண்டு வாழை வகைகள் இருக்கின்றன. மாஸ் பூவின் மகரந்தத்தை ரஸ்தாலிப் பூவில் தடவினேன். மூன்று தாரிலும் ஒரு விதைகூட இல்லை. தடவிய முறை தவறா, மகரந்தமே மலடா? எப்படிப் பார்ப்பது?

முறை தவறாக இருக்கலாம். ஆனால் முறை சரியாக இருந்தாலும் அநேகமாக இதே முடிவுதான். "போரான் தெளியுங்கள், சாம்பல் சத்து போதவில்லை" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து செலவு செய்யாதீர்கள். இது மண்ணின் குறையல்ல, செல்லுக்குள் மரபுச் செய்தியைச் சுமக்கும் குரோமோசோம்களின் கணக்கு.

வாழையின் அடிப்படை எண்ணிக்கை 11. காட்டு வாழையில் 22 குரோமோசோம்கள். ரஸ்தாலி ஏஏபி வகை: அக்யுமினாட்டா (ஏ) என்ற காட்டு வாழையிலிருந்து இரண்டு தொகுதி, பால்பிசியானா (பி) என்ற காட்டு வாழையிலிருந்து ஒன்று, ஆக 33. சிம்மண்ட்ஸும் ஷெப்பர்டும் 1955இல் வகுத்த இந்த எழுத்து முறைதான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. மகரந்தம் உருவாகும்போது, எண்ணிக்கை பாதியாகும் குன்றல் பிரிவில் ஒவ்வொரு குரோமோசோமும் தன் இணையைத் தேடும். மூன்று பேர் இருக்கும் இடத்தில் இணை சேர்ந்தால் ஒன்று தனித்து நிற்கும், அல்லது மூன்றும் ஒட்டிக்கொள்ளும். பிரியும்போது ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று. பதினொரு கூட்டமும் தனித்தனியே இப்படிப் பிரிந்தால், ஒரு மகரந்தத் துகளுக்குச் சரியாக 11 அல்லது 22 வர 1024இல் ஒரு வாய்ப்பு. மற்றவை பெரும்பாலும் 15, 16, 17, 18 என்று இடையில் விழும். இணையில்லாத குரோமோசோம் பின்தங்கி வழியிலேயே தொலைவதும் உண்டு. அப்படிப்பட்ட துகள் உள்ளே சரக்கில்லாமல் சுருங்கிவிடும். சூல்முட்டையிலும் இதே கதைதான்.

மாஸ் ஏஏ வகை, 22 தானே, இரட்டைப்படை ஆயிற்றே என்று கேட்பீர்கள். எண்ணிக்கை மட்டும் சரியாக இருந்தால் போதாது. பயிரிடப்படும் பல ஏஏ வாழைகளில் குரோமோசோம் துண்டுகள் இடம் மாறி ஒட்டியிருக்கும். அதனால் இரண்டிரண்டாக இணையாமல் நான்காகச் சேர்ந்து வளையமோ சங்கிலியோ ஆகும். பிரியும்போது சில துகளுக்கு ஒரு துண்டு இரட்டிப்பு, சிலதுக்கு அந்தத் துண்டே இல்லை. எல்லா ஏஏ வாழையும் மலடு என்று நான் சொல்லவில்லை. பிசாங் லிலின் ஏஏதான், ஜமைக்காவில் கலப்புக்கு ஆண் பெற்றோராகவே பயன்பட்டது. பழம் பருப்பதற்கும் மகரந்தத்துக்கும் தொடர்பில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்: இவை கருவுறாமலே கனியாகும் வாழைகள். அதனால் தார் நன்றாக விளைந்ததை வைத்து மகரந்தத்தை எடைபோட முடியாது.

இனி சோதனை. வாழைப்பூ ஆய்ந்தவர்களுக்குப் பூவின் பாகம் தெரிந்திருக்கும். கள்ளன் என்று பிடுங்கிப் போடுகிறோமே, குண்டூசித் தலை போல முனையுள்ள விறைப்பான நரம்பு, அதுதான் சூல்தண்டும் சூல்முடியும். அதைச் சுற்றியுள்ள ஐந்து மெல்லிய இழைகள் மகரந்தத் தாள்கள். தேக்கா சந்தையில் வாங்கும் பூ இதற்கு ஆகாது. எந்த வகை என்று உறுதியில்லை, குளிரில் இருந்ததில் மகரந்தமும் செத்திருக்கும். மரத்திலேயே அன்று காலை மடல் தூக்கிய ஆண் பூவை ஏழு, எட்டு மணிக்குள் எடுங்கள்.

பள்ளி அல்லது பாலிடெக்னிக் ஆய்வுக்கூடத்தில் கேட்டால் அசிட்டோகார்மைன் என்ற சாயம் கிடைக்கும். செய்வதானால் 45 மில்லி கிளேசியல் அசிட்டிக் அமிலம், 55 மில்லி நீர், 2 கிராம் கார்மைன். ஆய்வுக்கூடத்தில் ஆவியை வெளியே இழுக்கும் புகைக்கூண்டுக்குள் மெதுவாகக் கொதிக்கவிட்டு, ஆறியதும் வடிகட்ட வேண்டும். வீட்டுச் சமையலறையில் வேண்டாம், ஆவி கண்ணையும் மூச்சையும் தாக்கும். கடை வினிகர் இதற்கு மாற்றாகாது. சாயமும் கிளிசரினும் சம அளவு கலந்து கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு வைத்து, மகரந்தத்தை உதிர்த்து, மெல்லிய கண்ணாடி மூடியால் மூடி, கால் மணி நேரம் விடுங்கள். நிறைந்து சிவந்த உருண்டை நல்லது. வெளிறி மடிந்தது மலடு. வாழை மகரந்தம் பெரியது, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரும், அதனால் நுண்ணோக்கியின் பத்து மடங்கு லென்ஸே போதும்.

எண்ணுவதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். காலியான இலேசான துகள்கள் மூடியின் ஓரத்துக்கு ஒதுங்கும். நடுவில் மட்டும் எண்ணினால் மலடான வாழைகூட வளமாகத் தெரியும். ஓரத்திலிருந்து ஓரம்வரை நேர்கோட்டில் நகர்த்தி, பூவுக்கு 300 துகளாவது எண்ணுங்கள். கூடவே அலங்காரத்துக்கு வளர்க்கும் இளஞ்சிவப்பு வெலுட்டினா வாழையின் மகரந்தத்தையும் வையுங்கள். 22 குரோமோசோம்களும் ஒழுங்காக இணைவது அது, தானாகவே விதை பிடிக்கும். அதுவும் வெளிறித் தெரிந்தால் உங்கள் சாயம்தான் சரியில்லை.

சாயம் ஏறியதெல்லாம் முளைக்காது. முளைப்பைப் பார்க்க 100 மில்லி நீரில் சர்க்கரை 10 கிராம், போரிக் அமிலம் 10 மில்லிகிராம், கால்சியம் நைட்ரேட் 30 மில்லிகிராம். வெறும் நீரில் போட்டால் வெடித்துவிடும், வாழை மகரந்தத்தின் வெளியுறை அவ்வளவு மெல்லியது.

குரோமோசோமையே பார்க்க வேண்டும் என்றால், விரிந்த பூவில் வேலை முடிந்துபோயிருக்கும். மொட்டின் உள்ளே போக வேண்டும். மடல் மடலாக உரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு மகரந்தப்பையை நசுக்கிப் பார்த்து, குரோமோசோம்கள் பிரியும் நிலையைக் கண்டுபிடியுங்கள். எத்தனையாவது மடல் என்று கேட்காதீர்கள், மொட்டுக்கு மொட்டு மாறும். எத்தனால் மூன்று பங்கு, அசிட்டிக் அமிலம் ஒரு பங்கு, அன்றே கலந்ததில் மகரந்தப்பைகளை ஒரு நாள் ஊறவிடுங்கள். பிறகு 70 விழுக்காடு எத்தனாலில் போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். வாழைப்பால் கறுத்துப் படியும், அதனால் பையைக் கழுவிவிட்டுப் போடுங்கள். குரோமோசோம்கள் மிகச் சிறியவை, நூறு மடங்கு எண்ணெய் லென்ஸ் இல்லாமல் நடக்காது. முதல்முறை செய்கிறவர், பிரிவு முடிந்து ஒரு செல் நான்காகி நிற்கும் நான்கு செல் நிலையைத் தேடுவது நல்லது. நான்குக்குப் பதில் ஐந்து, ஆறு என்று இருந்தாலோ, ஓரத்தில் குட்டிக் கருக்கள் கிடந்தாலோ, பின்தங்கிய குரோமோசோம்களின் தடயம் அதுதான்.

இடையில் ஒன்று. நிறப்புரி என்று எழுதினால் புரியவில்லை என்கிறார்கள். குரோமோசோம் என்று எழுதினால் தமிழைக் கெடுக்கிறாய் என்கிறார்கள். இந்தச் சண்டையில் வாழைக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்யும் ஆளுக்குத் தமிழில் ஒரு செய்முறைக் குறிப்புகூடக் கிடைப்பதில்லை. எனக்கு அது உண்மையிலேயே வேதனை.

விதைதான் வேண்டும் என்றால் ரஸ்தாலியை விட்டுவிட்டு, பிசாங் ஆவாக்கைப் பெண்ணாக வைத்துப் பாருங்கள். நம் ஊர்க் கற்பூரவல்லி அது. ஏபிபி, 33தான். ஆனால் வளமான மகரந்தம் பக்கத்தில் இருந்தால் விதை பிடிக்கும் குணம் அதற்கு உண்டு. மகரந்தத்துக்காக இயற்கை வனப்பகுதிக் காட்டு வாழையில் கை வைக்காதீர்கள், அனுமதியின்றிப் பறிப்பது இங்கே குற்றம். பெண் பூ மடல் தூக்கும் காலையிலேயே தடவி, உறை கட்டி, கடைசிச் சீப்பு வரை தினமும் செய்ய வேண்டும். பழுத்ததும் பிசைந்து நீரில் கரையுங்கள். மிதக்கும் கறுப்பு விதை பெரும்பாலும் காலி, மூழ்குவதை மட்டும் எடுத்து, உலரவிடாமல் அன்றே விதையுங்கள்.