23 நாளாக அவள் என்னோடு பேசவில்லை, டீச்சர்!

உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து சில வாரங்களே ஆன பிள்ளைகளிடமிருந்தும் அவர்களைப் பெற்றவர்களிடமிருந்தும் இந்த முறை நிறையக் கடிதங்கள். 29 வருடம் வகுப்பறையில் நின்றவள் நான். ஒன்பதாம் வகுப்புக்குள் நுழைந்த முதல் மாதங்களில் பிள்ளைகளின் முகம் எப்படியெல்லாம் மாறும் என்று பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இந்த நான்கை மட்டும் எடுத்துக்கொண்டேன். நால்வருமே பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள். போடவில்லை.

*கேள்வி: டீச்சர், எனக்கு 14 வயது. மூன்றாம் வகுப்பிலிருந்து ஒரு பெண் எனக்கு ஃபிரெண்ட். எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். இந்த வருடம் இரண்டு பேரும் ஒரே பள்ளியில் சேர்ந்தோம், வேறு வேறு பிரிவு. முதல் வாரமே என் வகுப்புப் பையன்கள் எங்கள் இரண்டு பேர் பெயரின் முதல் எழுத்தையும் போர்டில் எழுதி நடுவில் பிளஸ் போட்டார்கள். "யாருடா அவ?" என்று கேட்டார்கள். "எனக்குத் தெரியாது, சும்மா பின்னாலேயே வரும்" என்று சொல்லிவிட்டேன். அவள் கதவுப் பக்கம் நின்றிருந்தாள். 23 நாளாகப் பேசவில்லை. இப்போது அவளைத் தூரத்தில் பார்த்தாலே நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. "இதுதான்டா லவ், போய்ச் சொல்லிடு" என்கிறார்கள் அதே பையன்கள். சொல்லிவிடட்டுமா?*

தம்பி, அந்த 23-ஐப் படித்ததும் கடிதத்தைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டேன். மூன்று வாரம் இருக்கும் என்று குத்துமதிப்பாக எழுதாமல் நாளை எண்ணி வைத்திருக்கிறாய். எவ்வளவு வலிக்கிறது என்று அதிலேயே தெரிகிறது.

உன் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. ஒன்று, நீ அன்றைக்குச் சொன்ன வார்த்தை. இன்னொன்று, இப்போது வருகிற படபடப்பு. நீ கேட்பது இரண்டாவதைப் பற்றி. நான் முதலாவதிலிருந்துதான் தொடங்குவேன்.

"தெரியாது" என்றதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருக்கலாம். பயத்தில் சொல்லிவிட்டான் என்று நினைத்துக்கொள்ள அதில் கொஞ்சம் இடம் இருக்கிறது. "பின்னாலேயே வரும்" என்றாயே, அதுதான் அவளைச் சுட்டிருக்கும். இத்தனை வருடம் இரண்டு பேரும் சேர்ந்து நடந்த பாதையில் அவள் மட்டும் உன்னைத் துரத்தி வந்ததுபோல ஆக்கிவிட்டாய். அதனால் மன்னிப்புக் கேட்கும்போது பொதுவாக "சாரி" என்று சொல்லிவிட்டு நகராதே. அந்த வார்த்தையைச் சொல்லியே கேள். "அன்னைக்கு நீ பின்னாலேயே வர்றேன்னு சொன்னேன். அது பொய். அவனுங்க கிண்டலுக்குப் பயந்துட்டேன். தப்பு என்மேலதான்." இவ்வளவு போதும். "ஆனா..." என்று அடுத்த வாக்கியத்தைத் தொடங்காதே. அந்த "ஆனா" வந்தால் அதற்கு முன் சொன்னதெல்லாம் வீணாகிவிடும். போனில் எழுதி அனுப்பாமல் நேரில் சொல். அவள் உன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. பலர் முன்னால் அவளைத் தெரியாது என்று சொல்லிவிட்டுத் தனியாக மட்டும் மன்னிப்புக் கேட்டால் பாதிக் கடன்தான் அடையும். அவள் உன்னோடு மறுபடி பேசச் சம்மதித்தால், அந்தப் பையன்கள் பக்கத்தில் இருக்கும்போதே அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எப்போதும் பேசுவதுபோல நாலு வார்த்தை பேசு. ஒரு வாரம் கிண்டல் செய்வார்கள். அதைத் தாங்கிக்கொள். அவள் இந்த 23 நாளாகத் தாங்கியதைவிட அது குறைவுதான். ஒருவேளை அவள் பேச விரும்பவில்லை என்றால் தொந்தரவு செய்யாமல் விலகி நில்லு. நீ கேட்ட மன்னிப்பு அவள் மனசில் இருக்கும். எப்போது வருவது என்பது அவள் முடிவு.

சரி, இப்போது அந்தப் படபடப்புக்கு வருகிறேன். 1974-இல் டொனால்ட் டட்டன், ஆர்தர் ஆரன் என்ற இரண்டு உளவியலாளர்கள் கனடாவில் ஒரு சோதனை செய்தார்கள். கப்பிலானோ என்ற இடத்தில் ஆற்றுக்கு மேலே ஏறக்குறைய 70 மீட்டர் உயரத்தில் ஒரு தொங்கு பாலம் இருக்கிறது. கால் வைத்தால் ஆடும். அதைக் கடந்த ஆண்களிடம் ஒரு பெண் சில கேள்விகள் கேட்டுவிட்டு, சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்கள் என்று தன் எண்ணையும் கொடுத்தாள். அசையாத, தாழ்வான இன்னொரு பாலத்தைக் கடந்தவர்களிடமும் இப்படியே செய்தார்கள். பிறகு அவளுக்குப் போன் செய்தவர்களில் ஆடும் பாலத்துக்காரர்களே அதிகம். உயரத்தைப் பார்த்துப் பயந்து அடித்த நெஞ்சை அந்தப் பெண்ணுக்காக அடித்ததாக எடுத்துக்கொண்டார்கள் என்பது அந்த இருவரின் விளக்கம்.

நீயும் இப்போது ஆடும் பாலத்தில்தான் நிற்கிறாய் தம்பி. குற்ற உணர்ச்சி வந்தாலும் நெஞ்சு அடிக்கும். அவள் திரும்பிப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வாளோ என்ற பயத்திலும் அடிக்கும். பழகியவளைக் காணாத ஏக்கத்திலும் அடிக்கும். பிடித்திருந்தாலும் அடிக்கும். எது எதனால் என்று இன்றைக்கு உன்னால் பிரித்துச் சொல்ல முடியாது. பெரியவர்களாலேயே முடிவதில்லை. உன் வயதில் உணர்ச்சிகள் பாய்ந்து வரும். பொறுத்துப் பார்த்து முடிவெடுக்க உதவும் மூளையின் முன்பகுதியோ 25 வயதையொட்டித்தான் முழுதாக வளர்ந்து முடிகிறது. உடனே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று துடிப்பது உன் குற்றம் இல்லை. ஆனால் துடிக்கிறது என்பதற்காகவே ஓடிப்போய்ச் சொல்லவும் வேண்டாம்.

இது காதலே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அதைச் சொல்ல நான் யார்? முதலில் பாலத்திலிருந்து இறங்கு. மன்னிப்புக் கேட்டு, பழையபடி பேசத் தொடங்கி, சில மாதங்கள் போகட்டும். அப்போதும் அவளைப் பார்த்தால் நெஞ்சு அடிக்கிறது என்றால், சரி, அது கிரஷ்தான். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. சொல்வதும் மனசோடு வைத்துக்கொள்வதும் உன் விருப்பம். சொன்னால், "வேண்டாம்" என்று அவள் சங்கடமில்லாமல் சொல்வதற்கு இடம் விட்டுச் சொல்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். போர்டில் எழுதியதும் அந்தப் பையன்கள்தான், "லவ்" என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான். ஒருமுறை அவர்கள் வார்த்தைக்குப் பயந்து ஃபிரெண்டை இழந்தாய். இந்த முறையும் அவர்கள் வார்த்தையை வைத்துத்தான் அவளிடம் போகப் போகிறாயா?

*கேள்வி: புதுப் பள்ளியில் எனக்குக் கிடைத்த முதல் ஃபிரெண்டிடம், பத்தாம் வகுப்பு அண்ணா ஒருத்தரை எனக்குப் பிடிக்கும் என்று சொன்னேன். நாங்கள் பழகி மூன்று வாரம்தான். மறுநாள் வகுப்புக்கே தெரிந்துவிட்டது. எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். பள்ளிக்கூடமே மாற்றிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அவள் ஏன் டீச்சர் இப்படிச் செய்தாள்?*

கண்ணு, இந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். ஏனென்றால் என் 14 வயதில் நான்தான் அந்த ஃபிரெண்ட்.

நானும் அப்போது புதுப் பள்ளிக்கு வந்திருந்தேன். இடைவேளையில் யாரோடு நிற்பது என்று தெரியாமல் தண்ணீர்க் குழாய்ப் பக்கமே நின்றுகொண்டிருப்பேன். அப்போது ஒருத்தி என்னை நம்பி ஒரு பையனின் பெயரைச் சொன்னாள். அடுத்த நாள் ஐந்தாறு பெண்கள் கூடி நின்று பேசிக்கொண்டிருந்த இடத்தில் அதை அப்படியே சொல்லிவிட்டேன். அவள்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அந்தக் கூட்டத்தில் எனக்கு ஓர் இடம் வேண்டும், கொடுப்பதற்குக் கையில் வேறு எதுவும் இல்லை. அவள் ரகசியத்தைக் கொடுத்து இடம் வாங்கினேன். அவள் எதுவும் கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போனாள். நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. இன்றைக்கும் அந்தப் பையை அவள் தூக்கிய விதம் என் கண்ணில் இருக்கிறது.

இதைச் சொல்வது உன் ஃபிரெண்டுக்கு வக்காலத்து வாங்க இல்லை. அவள் செய்தது தப்பு. உன்மேல் எந்தக் குறையும் இருப்பதால் அவள் இதைச் செய்யவில்லை என்று நீ தெரிந்துகொள்ளத்தான்.

நட்பு எவ்வளவு நேரத்தில் உருவாகிறது என்று ஜெஃப்ரி ஹால் என்ற அமெரிக்கப் பேராசிரியர் கணக்கெடுத்துப் பார்த்து 2018-இல் வெளியிட்டார். அறிமுகமானவர் ஓரளவு நண்பராக மாற ஏறக்குறைய 50 மணி நேரம் ஆகிறதாம். நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கும் மேல். அவர் கேட்டது கல்லூரி மாணவர்களிடமும் பெரியவர்களிடமும்தான். இருந்தாலும் உன் கணக்கைப் போட்டுப் பார். மூன்று வாரத்தில் 15 பள்ளி நாள். தினமும் ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் 15 மணி நேரம். 200 மணி நேரம் பழகியவளிடம் சொல்ல வேண்டியதை 15 மணி நேரம் பழகியவளிடம் சொல்லிவிட்டாய். நம்பியது தப்பில்லை. கொஞ்சம் சீக்கிரம் நம்பிவிட்டாய்.

எல்லாரும் உன்னையே பார்க்கிறார்கள் என்பதைப் பற்றி. 2000-இல் டாமஸ் கிலோவிச் என்ற உளவியலாளரின் குழு வெளியிட்ட ஒரு சோதனையில், சங்கடமான படம் போட்ட டி-ஷர்ட்டை மாணவர்களுக்குப் போட்டுவிட்டு, மற்றவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப் பேராவது கவனித்திருப்பார்கள் என்று போட்டுக்கொண்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தது சுமார் கால்வாசிப் பேர். உன் வகுப்புக்கு விஷயம் தெரியும், அது வேறு. ஆனால் நீ நினைக்கிற அளவுக்கு அவர்கள் உன்னையே நினைத்துக்கொண்டிருக்கவில்லை.

யாராவது கேட்டால் அழாதே, மறுக்கவும் வேண்டாம். "ஆமா, பிடிக்கும். அதுக்கென்ன?" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திற. இரண்டு மூன்று தடவை இப்படிச் சொன்னால் அதற்குமேல் கிண்டலுக்கு அதில் ஒன்றும் மிஞ்சாது. அந்த அண்ணா காதுக்குப் போயிருந்தாலும் நீ எதுவும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் கிண்டல் போனுக்குப் போனால், உன் படத்தை வைத்து எதையாவது பரப்பினால், அதை அப்படியே சேமித்து வைத்துக்கொண்டு அன்றைக்கே வீட்டிலும் வகுப்பு ஆசிரியரிடமும் காட்டு. அதைத் தனியாகச் சமாளிக்க முயலாதே.

*கேள்வி: மகளின் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு பையனின் பெயரை 11 தடவை எழுதியிருக்கிறாள். கண்டிப்பதா, தெரியாததுபோல இருப்பதா?*

அந்த நோட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். 11 தடவை ஒரு பெயரை எழுதிப் பார்ப்பது அவள் வயதில் யாருக்கும் வருவதுதான். நீங்கள் அந்தப் பக்கத்தைக் காட்டிக் கேட்டால் அடுத்த பக்கத்தை ஒளித்து வைக்கக் கற்றுக்கொள்வாள், அவ்வளவுதான் நடக்கும். புதுப் பள்ளியில் யாரோடு உட்காருகிறாய், யார் சிரிக்க வைக்கிறார்கள் என்று சாதாரணமாகக் கேளுங்கள். அவள் பேசும்போது கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிடுங்கள்.

தூக்கமும் சாப்பாடும் பல நாள் கெட்டுப்போனாலோ, பழைய ஃபிரெண்டுகளை எல்லாம் விட்டுவிட்டாலோ உடனே பேசுங்கள். அந்த ஆள் பள்ளி மாணவனாக இல்லாமல் வயதில் பெரியவராக இருந்தால், அல்லது யாராவது படம் அனுப்பச் சொல்லிக் கேட்டால், அது கிரஷ் விஷயமே இல்லை. அவளைத் திட்டாமல் அவள் பக்கம் நின்று தலையிடுங்கள்.

*கேள்வி: என் ஃபிரெண்ட்ஸ் எல்லாருக்கும் யாரையாவது பிடிக்கிறது. எனக்கு யாரையும் பிடிக்கவில்லை. எனக்கு வாலிபால்தான் பிடிக்கும். எனக்கு ஏதாவது பிரச்சினையா?*

ஒரு பிரச்சினையும் இல்லை. பெண்களுக்கு 8 வயதிலிருந்து 13-க்குள், ஆண்களுக்கு 9-இலிருந்து 14-க்குள் எப்போது வேண்டுமானாலும் பருவ மாற்றம் தொடங்கலாம். அதனால் ஒரே பெஞ்சில் உட்காரும் இரண்டு பேருக்கு நடுவில் உடம்பளவிலேயே சில வருட இடைவெளி இருக்கலாம். மனசிலும் அப்படித்தான். சிலருக்கு இது வெகு காலம் கழித்து வரும், சிலருக்கு வராமலே போகும். அவர்கள் யாரைப் பற்றியாவது பேசும்போது கேட்டுக்கொண்டிரு. பொய்யாக ஒரு பெயரைச் சொல்லிவிடாதே. பிறகு அந்தப் பெயரோடு உன்னை ஓட்டுவார்கள்.

கடிதத்தின் கீழே, இந்தச் சனிக்கிழமை பள்ளி அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். உன்னை எடுத்தார்களா? மறக்காமல் எழுது.