பெரிய பூஸ்ரர் வாங்குமுன் வயரைப் பாருங்கள்

கேள்வி: வீட்டு மேல்மாடியில் எச்.ஓ அளவில் (அசலில் 87-இல் ஒரு பங்கு) மாதிரி ரயில் பாதை ஒன்று அமைத்திருக்கிறேன். யாழ்ப்பாணம் நிலையத்தில் தொடங்கி, கொக்குவில், கோண்டாவில், சுன்னாகம் என்று சுவரோரமாகப் போய்க் காங்கேசன்துறையில் முடியும். ஓட்டுவது, கரண்டோடு கட்டளையும் தண்டவாளம் வழியே போகும் டி.சி.சி என்ற டிஜிற்றல் முறையில். தண்டவாளத்துக்குக் கரண்ட் கொடுப்பது மருமகன் கனடாவில் இருந்து கொண்டுவந்த 5 அம்பியர் பூஸ்ரர். யாழ்ப்பாணப் பக்கம் எல்லாம் நன்றாக ஓடுகிறது. சுன்னாகம் தாண்டினால் வேகம் குறைகிறது, எஞ்சின் சத்தம் விட்டு விட்டு வருகிறது, சிலவேளை கட்டளையை ஏற்பதே இல்லை. மாரியில் இன்னும் மோசம். பூஸ்ரரில் இருந்து கடைசி முனைவரை பிரதான வயர் ஏறக்குறைய 40 அடி. வீட்டு லைற் வயரிங்கில் மிஞ்சிய 1/1.13 வயரைத்தான் (1 சதுர மில்லிமீற்றர் செம்பு) பாவித்தேன். அதில் இருந்து தண்டவாளத்துக்கு நாலு இடத்தில் இணைப்பு உண்டு. கொழும்பில் விற்பவர் ஒருவர் "பவர் போதாது, 8 அம்பியர் பூஸ்ரர் போடுங்கோ" என்கிறார். வாங்கலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கொக்குவில்

பதில்: வேண்டாம் ஐயா. பவர் போதாவிட்டால் யாழ்ப்பாணம் நிலையத்திலேயே எஞ்சின் தளர்ந்திருக்கும். அங்கே நன்றாக ஓடி, தூரப் போகப்போகத் தளர்கிறது என்றால் வழியில் வோல்ற்றேஜ் விழுகிறது. அதைப் பூஸ்ரர் மாற்றித் திருத்த முடியாது.

கணக்கைப் பாருங்கள். 1/1.13 வயரின் தடை ஒரு மீற்றருக்கு ஏறக்குறைய 0.018 ஓம். 40 அடி என்பது 12 மீற்றர். போய்வர 24 மீற்றர். தடை 0.43 ஓம் வருகிறது. இரண்டு அம்பியர் ஓடினால் வயரிலேயே ஒரு வோல்ற்றுக்குக் கிட்டப் போய்விடும். அதற்கு மேல் தண்டவாளம் இருக்கிறது. நிக்கல் சில்வர் தண்டவாளத்தின் உலோகத்துக்குச் செம்பைவிடப் பத்து மடங்குக்கு மேல் தடை. 40 அடிக்கு நாலே இணைப்பு என்றால், இடையில் கரண்ட் போவது தண்டவாளத்தையும் அதைப் பொருத்தும் சிறிய தகட்டு இணைப்பான்களையும் நம்பித்தான். எங்கள் ஊரின் உப்புக்காற்றுக்கும் மாரி ஈரத்துக்கும் முதலில் கெடுவது அந்த இணைப்பான்கள். மாரியில் மோசமாவதற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான்.

8 அம்பியர் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், அது ஆபத்து. ஷோர்ட் நடந்தால் பூஸ்ரர் தன்னை நிறுத்திக்கொள்ள வேண்டும். 15 வோல்ற்றில் 5 அம்பியரைத் தாண்ட, வழியில் உள்ள மொத்தத் தடை 3 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். 8 அம்பியர் பூஸ்ரருக்கோ 1.9 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். காங்கேசன்துறையில் ஒரு பெட்டி தடம்புரண்டு ஷோர்ட் ஆகிறது, மொத்தத் தடை 2.5 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 அம்பியர் இழுக்கும். இப்போது உள்ள பூஸ்ரர் உடனே நின்றுவிடும். புதியது நிற்காது, 90 வாற் சூட்டை வயரிலும் இணைப்பான்களிலும் சில்லுகளிலும் தொடர்ந்து கொட்டிக்கொண்டே இருக்கும். சாதாரண சோல்டரிங் அயன் 25 முதல் 60 வாற்தான். பெட்டியின் பிளாஸ்டிக் அடிப்பாகம் உருகுவதற்கு அது போதும். விற்பவர் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

முதலில் செலவில்லாத சோதனை ஒன்று. பத்து ரூபாய்க் குற்றி ஒன்றை எடுத்து, கரண்ட் இருக்கும்போதே இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வையுங்கள். பூஸ்ரர் அந்தக் கணமே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் குற்றியை உடனே எடுங்கள், பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம், சுடும். யாழ்ப்பாணத்தில் தொடங்கி ஒவ்வொரு தண்டவாளத் துண்டிலும் இதைச் செய்துகொண்டு போங்கள். பூஸ்ரர் நிற்கத் தயங்கும் இடத்தில் பென்சிலால் அடையாளம் வையுங்கள். எஞ்சின்கள் எல்லாவற்றையும் முதலே பாதையில் இருந்து தூக்கிவிடுங்கள்.

அப்புறம், கார் பிறேக் லைற்றுக்குப் போடும் 12 வோல்ற் 21 வாற் பல்ப் ஒன்று வாங்குங்கள். இரண்டு வயர் பிடித்துப் பாதையின் கடைசி முனையில் கொழுவினால் இரண்டு அம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக இழுக்கும். பல்ப் எரியும்போது மல்ரிமீற்றரை ஏ.சி-யில் வைத்து, பூஸ்ரர் வாயிலிலும் பல்ப் உள்ள இடத்திலும் பாருங்கள். சாதாரண மீற்றர் டி.சி.சி-யின் வோல்ற்றேஜைச் சரியாகக் காட்டாது. ஆனால் ஒரே மீற்றரால் இரண்டு இடத்தை ஒப்பிடலாம். வித்தியாசம் ஒரு வோல்ற்றுக்கு மேல் என்றால் திருத்த வேண்டும். எது குற்றவாளி என்று பிடிக்க, பல்ப் எரிந்துகொண்டிருக்கும்போதே, ஒரே தண்டவாளத்தில் ஓர் இணைப்பானுக்கு இந்தப் பக்கம் ஒரு முனையும் அந்தப் பக்கம் மறு முனையும் வையுங்கள். நல்ல இணைப்பான் கிட்டத்தட்டச் சுழியத்தைக் காட்டும். அரை வோல்ற் காட்டினால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள்.

திருத்தம் என்று வந்தால், காசில்லாத வேலையை முதலில் செய்யுங்கள்: பூஸ்ரரைப் பாதையின் நடுவுக்கு, அதாவது கோண்டாவில் பக்கம், நகர்த்துங்கள். வயர் தூரம் இரு பக்கமும் பாதியாகிவிடும். பிறகு 1/1.13-ஐ எடுத்துவிட்டு 7/0.67 போடுங்கள். இது 2.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர். பிளக் வயரிங்குக்குப் போடுவது. எந்த ஹாட்வெயார் கடையிலும் கிடைக்கும். தடை பாதிக்கும் கீழே வந்துவிடும். சிவப்பும் கறுப்பும் வாங்கி, இரண்டையும் தளர்வாக முறுக்கிக் கொண்டுபோங்கள். ஒவ்வொரு மூன்றடித் தண்டவாளத் துண்டுக்கும் தனித்தனி இணைப்பு வயர் கொடுங்கள், ஒரு அடிக்கு மேல் நீளாமல். தகரம் ஒட்டுபவர்கள் பாவிக்கும் அமிலத்தைத் தண்டவாளத்தில் பூசவே வேண்டாம். அது இருந்து அரிக்கும். ரோசின் உள்ள சோல்டர் போதும்.

இவ்வளவும் செய்து வோல்ற்றேஜ் சரியாக இருந்தும் எஞ்சின் கட்டளையை ஏற்காவிட்டால், வயரின் கடைசி முனையில் 100 ஓம் ரெசிஸ்ரரையும் 0.1 மைக்ரோபரட் கப்பாசிற்றரையும் தொடராக இணைத்து, இரண்டு வயருக்கும் குறுக்கே போடுங்கள். டி.சி.சி-யில் கட்டளை போவதே மின் அலையின் அகலத்தில். "ஒன்று" என்ற குறிக்கு அரை அலை 58 மைக்ரோசெக்கன், "பூச்சியம்" என்பதற்கு 100 அல்லது அதற்கு மேல். நீண்ட வயரில் அலையின் விளிம்பு அதிர்ந்தால், எஞ்சினுக்குள் இருந்து கட்டளையைப் படிக்கும் டிகோடர் குழம்பும். அந்த அதிர்வை இது அடக்கும். இரண்டு உதிரிப்பாகமும் சில்லறைக் காசு.

கேள்வி: ஒரு எஞ்சின் மட்டும் தடம் பிரியும் இடத்தில் ஏறும்போது முழுப் பாதையும் நின்றுவிடுகிறது. மற்ற எஞ்சின்கள் போகின்றன. எஞ்சினைத் திருப்பிக் கொடுக்கலாமா?
— வாசகர், சாவகச்சேரி

பதில்: பொறுங்கள். அந்த எஞ்சினின் சில்லு அகலமாக இருந்தால், பிரியும் இடத்தில் அருகருகே வரும் இரண்டு தண்டவாளத்தையும் ஒரே நேரத்தில் தொட்டு ஷோர்ட் ஆக்கும். நிறமில்லாத நகப்பூச்சை அந்த மூலையில் அரை அங்குலத்துக்குப் பூசிக் காயவிட்டு ஓட்டிப் பாருங்கள். நின்றுபோனது நிற்காமல் ஓடினால் காரணம் அதுதான். சரிவரவில்லை என்றால் சில்லுகளின் உட்புற இடைவெளியை அளவுங்கள், 14.5 மில்லிமீற்றருக்குக் கிட்ட இருக்க வேண்டும். அதில் பெரிய வித்தியாசம் இருந்தால் மட்டும் விற்றவரிடம் கொண்டுபோங்கள்.

கேள்வி: ரொறன்ரோவில் உள்ள தங்கச்சி டி.சி.சி செற் அனுப்புகிறா. இங்கே நேரே பிளக்கில் போடலாமா? உள்ளூரில் வாங்கிய டிகோடர் வேலை செய்யவில்லை, கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். என்ன செய்வது?
— வாசகர், நல்லூர்

பதில்: அடப்ரரின் அடியில் 100–240 வோல்ற் என்று எழுதியிருந்தால் போடலாம், பிளக்கின் முனையை மட்டும் மாற்ற வேண்டும். 120 என்று மட்டும் இருந்தால் 230 வோல்ற்றில் எரிந்துவிடும். பெட்டியைக் கட்டுமுன் அந்த எழுத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

டிகோடர் விஷயத்தில், பற்றுச்சீட்டும் உத்தரவாதமும் கையில் இருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். பற்றுச்சீட்டு வாங்கியிராவிட்டால் இப்போதே கேளுங்கள். கேட்டால் கொடுக்க வியாபாரி கடமைப்பட்டவர். அடுத்தமுறை டிகோடர் வாங்கும்போது, எஞ்சினுக்குள் பூட்டுமுன் பூஸ்ரருக்குப் பக்கத்தில் ஒரு துண்டுத் தண்டவாளம் வைத்து, மோட்டரோடு இணைத்து ஓட்டிப் பாருங்கள். வயரை வெட்டிச் சோல்டர் பண்ணிய பிறகு திருப்பிக் கொண்டுபோனால் எந்தக் கடைக்காரரும் எடுக்கமாட்டார்.